அரைக்கட்டை இறங்கிய பியானோ

பியானோ ட்யூனர் என்று சொன்னால் கடலூரில் பாதிப் பேர் "ட்யூஷனா?" என்று கேட்பார்கள். மீதிப் பேர் பியானோ கற்றுக்கொடுக்கிறவள் என்று எண்ணிக்கொண்டு "டீச்சர்" என்பார்கள். கொஞ்ச காலம் திருத்திப் பார்த்தேன்; பிறகு விட்டுவிட்டேன். எனக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. நாலைந்து பாட்டுகளின் முதல் வரி தெரியும், அதுவும் வேலை முடிந்ததும் சோதித்துப் பார்ப்பதற்காக. பியானோவுக்குள் இருக்கும் இருநூற்றுச் சொச்சம் கம்பிகளை ஒன்றோடொன்று சண்டை போடாமல் வைத்திருப்பதுதான் என் வேலை. முப்பத்தோரு வருடம் அதைச் செய்தேன்.

இப்போது இந்தப் பக்கத்துப் பியானோக்களுக்குப் புதுச்சேரியிலிருந்து பவித்ரா என்ற பெண் வருகிறாள். செல்போனைப் பியானோ மேல் வைக்கிறாள். கம்பி ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று அதில் ஒரு முள் ஆடிக் காட்டுகிறது. நல்ல வசதி. என் காலத்தில் இருந்திருந்தால் நானும் வைத்திருப்பேன். போன மாதம் வீட்டுக்கு வந்தவள், "அக்கா, உங்க சர்வீஸ்லயே மறக்க முடியாத பியானோ எது?" என்று கேட்டாள். எலி குட்டி போட்டிருந்த நெய்வேலிப் பியானோவைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க வைத்து அனுப்பினேன். அவள் போன பிறகு, கேட்டதற்கு உண்மையான பதிலைச் சொல்லவில்லையே என்று உறுத்தியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சென்னையில் ஒரு வாத்தியக் கடையில் தட்டச்சராகச் சேர்ந்தவள் நான். ஒரு நாள் கையெழுத்து வாங்க மாடிப் பட்டறைக்குப் போனபோது, பட்டறைத் தலைவர் சபாபதி சார் ஒரு பியானோவைத் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். "சார், அந்த ரெண்டு கம்பி உரசிக்குது" என்று வாயை விட்டுவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். அடுத்த வாரம் என் மேசையை மாடிக்கு மாற்றிவிட்டார்கள். நாலு வருடத்தில் வேலை பழகிவிட்டது.

சபாபதி சார் திட்டி நான் கேட்டதில்லை. பியானோவைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ட்யூனிங் ஃபோர்க் இருக்கும். முள்கரண்டி போல இரண்டு கிளையுள்ள அந்த எஃகுத் துண்டை முழங்காலில் தட்டிக் காதருகே வைத்தால் 'ஏ' என்ற ஒரே ஒரு சுரம் மட்டும் கேட்கும். அந்தச் சுரத்துக்கு ஒரு கம்பியைச் சேர்த்து, அதிலிருந்து மற்ற எல்லாவற்றையும் பிடிக்க வேண்டும். விரலால் அழுத்தும் கட்டை ஒன்றுக்குப் பெரும்பாலும் மூன்று கம்பிகள். இரண்டை ரப்பர் ஆப்பு வைத்து அடக்கிவிட்டு ஒன்றைச் சரி செய்வோம். பிறகு மற்ற இரண்டையும் அதோடு சேர்ப்போம். கம்பிகள் சேராதபோது ஒலி 'வோங் வோங்' என்று அலையடிக்கும். நெருங்க நெருங்க அலை மெதுவாகும். சேர்ந்ததும் நின்றுவிடும். நான் தவறாக நிறுத்திவிட்டால் சார், "டீ குடிச்சிட்டு வரேம்மா" என்று எழுந்து போவார். சரியாக இருந்தால் மூடியைச் சாத்துவார். சில நாட்களில் அவர் ஏழு டீ குடித்திருக்கிறார்.

அவருடைய பட்டறையில் மீற முடியாத விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு பியானோவுக்குள்ளும் ஓர் அட்டை ஒட்டியிருக்கும். தேதி, கையெழுத்து, அதோடு சுருதி எங்கே நிற்கிறது என்பது. "சுருதி எங்க நிக்குதுன்னு எழுதாம மூடினா, அது வேலையில்ல, ஏமாத்து" என்பார்.

கல்யாணமாகிக் கடலூருக்கு வந்த பிறகு தனியாக வேலை செய்யத் தொடங்கினேன். பள்ளிக்கூடங்கள், மாதா கோயில்கள், நெய்வேலி குவார்ட்டர்ஸ் வீடுகள், பிறகு சிதம்பரத்தில் கீழ வீதியில் ஒரு பல் டாக்டர். அந்தப் பல் டாக்டரை மறக்கவே முடியாது. நோயாளிகள் காத்திருக்கும் அறையில் பியானோவைப் போட்டிருந்தார். முதல் நாளே என்னிடம் பெரிய கோரிக்கை வைத்தார்.

"எம் மிசஸ் பாடுவாங்க. அவுங்களுக்கு அஞ்சு கட்டை. இந்தப் பியானோ ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்குது. நீங்க எல்லாக் கம்பியையும் ஏத்தி அஞ்சுல நிக்க வெச்சுடுங்க."

அப்படிச் செய்தால் பியானோ வெடித்துவிடும். நான் அவருடைய மனைவி லலிதாவைக் கூப்பிட்டு, அவர் பாடுகிற பாட்டின் முதல் வரியைக் கேட்டேன். அதை ஒன்றாம் கட்டையிலிருந்து தட்டிக் காட்டினேன். அதே வரியை ஐந்தாவது வெள்ளைக் கட்டையிலிருந்து தட்டினேன். "பாட்டு அதேதான் சார். ஆரம்பிக்கிற எடந்தான் வேற. என்னா, கறுப்புக் கட்டை நடுவுல நடுவுல வரும், விரல் பழகணும்."

டாக்டர் கையில் பல் பிடுங்கும் குறடோடு அப்படியே நின்றார். "இவ்ளோதானா?" என்றார். உள்ளே நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு ஒருவர் காத்திருந்தார்.

பின்னாளில் அந்த வீட்டு மகன் சிவா அந்தப் பியானோவில்தான் கற்றுக்கொண்டான். அம்மாவுக்குச் சளி பிடித்தால் நாலு கட்டை, தேறினால் ஐந்து, கல்யாண வீட்டுக்குப் போய்வந்த உற்சாகத்தில் ஐந்தரை. அன்றைக்கு எதுவோ அதிலிருந்து வாசிப்பான். சென்னையில் முறையாகப் படித்துப் பெரிய பியானோக் கலைஞனான பிறகும் அந்தப் பழக்கம் விரலில் தங்கியிருந்தது.

இனி, என் தப்பைச் சொல்ல வேண்டும்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பெண்கள் பள்ளியின் ஹாலில் நல்ல பெரிய பியானோ ஒன்று உண்டு. ஒரு புயலில் ஹாலின் கூரை ஓடு பறந்து, இரண்டு நாள் அது நனைந்தது. உப்புக் காற்று வேறு. கம்பியெல்லாம் துருவேறிப்போனது. அந்த வருடம் சுருதியை ஏற்றப் போய் மூன்று கம்பிகள் அடுத்தடுத்து அறுந்தன. பயந்துவிட்டேன். கம்பிகள் எங்கே நிற்கின்றனவோ அங்கேயே ஒன்றோடொன்று சேர்த்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. அங்கேயே சேர்த்தேன். இப்படிப் பன்னிரண்டு வருடம். தனியாகக் கேட்டால் பியானோ இனிமையாகத்தான் இருக்கும். பிள்ளைகள் பாடுவார்கள், அதுவும் சேர்ந்து ஒலிக்கும். யாருக்கும் தெரியாது. சொன்னால் சென்னையிலிருந்து வேறு ஆளைக் கூப்பிடுவார்கள் என்று பயம். அட்டையில் தேதியும் கையெழுத்தும் போட்டேன். சுருதி என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.

அப்போதுதான் ஆயிஷா வந்தாள். அவளுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, சொந்த ஊர் லால்பேட்டை, சிங்கப்பூரில் வேலை. அங்கே பள்ளி பேண்டில் எல்லாப் பிள்ளைகளும் புல்லாங்குழலையும் ட்ரம்பெட்டையும் பிடித்துக்கொண்டுவிட, கடைசியாகச் சேர்ந்தவளுக்கு மிஞ்சியது ஓபோ. கருங்காலியில் செய்த மெல்லிய குழல். வாயில் வைக்கும் இடத்தில் நாணலைச் சீவி இரட்டையாகக் கட்டிய சீவாளி. மிஞ்சிய வாத்தியத்தை எடுத்தவள் ஜெர்மனிக்குப் போய்ப் படித்து, இருபத்துமூன்று வயதில் பெரிய அரங்குகளில் தனியாக வாசிக்கிறாள். மாமா மகள் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்திருந்தாள். அவளுடைய அம்மா ஜமீலா இந்த மஞ்சக்குப்பம் பள்ளியில் படித்தவர். "எங்க ஸ்கூல்ல ஒரு தடவ வாசிம்மா" என்று அம்மா கேட்க, மகள் சம்மதித்துவிட்டாள். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கச்சேரி: சொனாட்டா என்ற நீண்ட உருப்படிகள் இரண்டு, கடைசியில் புதிதாக ஒன்று. பியானோவுக்குச் சிதம்பரத்திலிருந்து சிவா.

வெள்ளிக்கிழமை காலை ஒத்திகை. நானும் போயிருந்தேன். ஆயிஷா ஒரு சின்ன டப்பாவில் தண்ணீர் ஊற்றிச் சீவாளியை நனைத்துக் குழலில் செருகினாள். சிவா பியானோவில் 'ஏ' கொடுத்தான். அவள் ஊதினாள்.

ஹால் முழுக்க அலையடித்தது. மெதுவான அலைகூட இல்லை. பல்லைக் கூச வைக்கும் வேகமான அலை.

"சாரி, என் சீவாளிதான் சரியில்ல. இங்க ஈரம் ஜாஸ்தியா இருக்கு" என்றாள் ஆயிஷா. வேறொன்றை மாற்றினாள். மறுபடி ஊதினாள். அதேதான். சீவாளியைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்தாள். அப்படிச் செய்தால் ஓபோ சற்று இறங்கும். ஆனால் ஒரு மயிரிழைதான். அதற்கு மேல் இழுத்தால் சுரங்கள் தாறுமாறாகும். மூன்றாவதை எடுத்தாள். அவளுடைய கையால் சீவிக் கட்டிய சீவாளிகள் அவை. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்க, ரெண்டு நிமிஷம்" என்றாள்.

மூன்று சீவாளி மாற்றும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

நாலாவதை அவள் எடுத்தபோது என்னால் முடியவில்லை. "அம்மாடி, அதைக் கீழ வெய்யி. உன்மேல தப்பு இல்ல. பியானோதான் எறங்கிக் கெடக்கு. நான்தான் எறங்க விட்டேன்."

சிவா எழுந்து பியானோவின் மேல் மூடியைத் திறந்தான். அட்டையைப் பார்த்தான். வரிசையாக என் கையெழுத்து. பக்கத்தில் வரிசையாகக் காலிக் கட்டங்கள். அவன் மூடியைச் சாத்தினான். எனக்குக் காது சுட்டது.

ஆயிஷா என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பெருமூச்சு விட்டு நாற்காலியில் உட்கார்ந்து, "அல்ஹம்துலில்லாஹ்! வாசிப்பே மறந்துபோச்சோன்னு பயந்துட்டேன் ஆன்ட்டி" என்று சிரித்தாள்.

மதியம் ஏற்றிப் பார்த்தேன். துருப்பிடித்த கம்பியை நேராக ஏற்றக் கூடாது. முதலில் கம்பி சுற்றியிருக்கும் முளையை ட்யூனிங் சாவியால் கொஞ்சம் தளர்த்த வேண்டும். துருவின் பிடி 'டிக்' என்று விட்டுக்கொடுக்கும். பிறகுதான் ஏற்ற வேண்டும். முதல் கம்பி தாங்கியது. இரண்டாவதும் தாங்கியது. மூன்றாவது துப்பாக்கி வெடித்ததுபோல் அறுந்து என் கண்ணாடியில் அடித்தது. இருநூற்றுச் சொச்சத்தில் மூன்றுக்கு ஒன்று இப்படிப் போனால், ஞாயிற்றுக்கிழமை அங்கே பியானோ இருக்காது, அலமாரிதான் இருக்கும்.

"எவ்ளோ எறங்கியிருக்கு ஆன்ட்டி?" என்று சிவா கேட்டான்.

"அரைக்கட்டைக்குக் கொஞ்சம் கம்மி. முக்காவாசி எறங்கிடுச்சு."

அவன் யோசித்தான். "முழு அரைக்கட்டை எறங்கியிருந்தா நான் ஒட்டியிருக்கற மேல் கட்டைக்குத் தள்ளி வாசிச்சுடுவேன். எங்கம்மாவுக்கு வாசிக்காததா? இது நடுவுல தொங்குதே, அதான் கஷ்டம்."

ஏற்றினால்தானே கம்பி அறும்? இறக்கினால்?

"சிவா, மிச்சக் கால்வாசிய நான் எறக்கிக் குடுத்துட்டா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு சிவா தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயோ! முதல் சொனாட்டா எஃப்-ல இருக்கு. தள்ளி வாசிச்சா ஆறு ஷார்ப்பு ஆன்ட்டி! கறுப்புக் கட்டையிலேயே நடக்கணும்!"

"முடியுமா முடியாதா?"

"ரெண்டு சொனாட்டாவும் முடியும். கடைசியா இருக்கற புது உருப்படி முடியவே முடியாது. அதுல சுரம் மழையா கொட்டுது."

"அதை விட்டுடலாம்," என்றாள் ஆயிஷா. "அந்த எடத்துல நான் தனியா வாசிக்கிறேன்."

சனிக்கிழமை சிவா சிதம்பரத்தில் தன் வீட்டுப் பியானோவில் தள்ளி வாசித்துப் பழகினான். காத்திருக்கும் அறையில் அன்று பல்வலியோடு வந்தவர்களை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. நான் காலை ஏழு மணிக்கு ஹாலுக்குப் போய்விட்டேன். சோப்புப் போட்டுக் கை கழுவினேன். நடுவிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கம்பியாக இறக்கினேன். இறக்குவதிலும் ஒரு தந்திரம் உண்டு. பாதி இறக்கியதும் உள்ளே பலகையின் மேல் அழுத்தம் குறையும். முதலில் இறக்கிய கம்பிகள் தாமாகக் கொஞ்சம் மேலே ஏறும். அதனால் வேண்டியதைவிட ஒரு துளி கூடுதலாக இறக்கிவிட்டு, இரண்டாம் சுற்றில் சேர்க்க வேண்டும். அறுந்த கம்பிக்குப் பதில் புதுக் கம்பி கட்டினேன். புதுக் கம்பி நீண்டுகொண்டே இருக்கும். மணிக்கொரு தரம் பிடித்து இழுக்க வேண்டும். மதியம் ஆயிஷா வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. ஒரு கையில் சாவி, ஒரு கையில் கரண்டி. சாயங்காலம் ஐந்தரைக்கு அலை எல்லாம் நின்றது. பேனாவை எடுத்தேன். அட்டையில் அன்றைய தேதி போட்டு, பக்கத்துக் கட்டத்தில் 'சரியாக அரைக்கட்டை கீழே' என்று எழுதினேன். மேலே காலியாக இருந்த கட்டங்களிலும் நினைவிருந்த வரைக்கும் எழுதினேன்.

ஞாயிறு ஹால் நிரம்பிவிட்டது. ஒரு பக்கம் லால்பேட்டையிலிருந்து வேன் வேனாகச் சொந்தக்காரர்கள். மறு பக்கம் மாதா கோயில் பங்கு மக்கள், பள்ளியின் பழைய மாணவிகள். முன்வரிசையில் சக்கர நாற்காலியில் சிஸ்டர் ஸ்டெல்லா. முன்னாள் தலைமையாசிரியை, பாட்டு வகுப்பும் அவர்தான் எடுத்தார்.

ஓபோ ஒலித்ததும் என் பக்கத்திலிருந்த ஒரு பெரியவர், "நம்ம நாயனத்துக்குத் தம்பி போல இருக்குது" என்றார். ஆயிஷா ஒரு மூச்சில் எவ்வளவு தூரம் போகிறாள் என்று எண்ண ஆரம்பித்து நானே மூச்சு விட மறந்தேன். மெதுவான பகுதியில் அவள் குரல் போலவே வாசித்தாள். கேட்டுக்கொண்டிருந்த ஒரு கைக்குழந்தை பதிலுக்கு 'ஊ' என்றது. பியானோவும் ஓபோவும் ஒரே சுரத்தில் நின்ற இடத்தில் அலை இல்லை. அதை அந்த ஹாலில் மூன்று பேர்தான் கவனித்திருப்போம்.

சிவா ஒரே ஓர் இடத்தில் வழுக்கினான். இரண்டாம் சொனாட்டாவின் நடுவில் பக்கம் திருப்பியதும் கை பழக்கத்தில் எழுதியிருந்தபடியே இறங்கிவிட்டது. ஒரு விநாடி எல்லாம் புளித்தது. ஆயிஷா அசையவில்லை. தன் சுரத்தை நீட்டிப் பிடித்து நின்றாள். சிவா அரைக்கட்டை ஏறி வந்து அவளோடு சேர்ந்தான். முன்வரிசையில் யாரோ "ஆஹா!" என்றார்கள்.

இடைவேளையில் நான் மேடையேறிப் புதுக் கம்பியை ஓர் இழுப்பு இழுத்தேன். வேடிக்கை பார்த்தவர்கள் எனக்கும் கை தட்டினார்கள். முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவை.

முடிந்ததும் பழைய மாணவிகள் எழுந்து பள்ளிப் பாட்டைக் கேட்டார்கள். சிவாவுக்கு அந்தப் பாட்டு தெரியும், அம்மா பாடக் கேட்ட ஆயிஷாவுக்கும் தெரியும்; ஆனால் சிவா வியர்த்து, விரல்களை உதறிக்கொண்டிருந்தான். ஆயிஷா அவன் பக்கம் குனிந்தாள். முதல் வரிசை வரைக்கும் கேட்டது.

"போதும், நீங்க நிறைய ஏறிட்டீங்க. எழுதியிருக்கற மாதிரியே வாசிங்க. இப்ப நான் எறங்கி வர்றேன்."

சிவா நிம்மதியாக வெள்ளைக் கட்டைகளில் தொடங்கினான். அவள் தன் குழலில் அரைக்கட்டை இறங்கி அவனோடு சேர்ந்தாள். ஹால் முழுவதும் எழுந்து நின்று பாடியது. துப்பட்டியிட்ட தலைகளும் முக்காடிட்ட தலைகளும் வித்தியாசமில்லாமல், கடைசியில் வரும் அந்த உச்ச வரிவரை.

கூட்டம் கலைந்த பின் நான் சிஸ்டர் ஸ்டெல்லாவிடம் போனேன். பக்கத்தில் ஆயிஷா நின்றிருந்தாள். பன்னிரண்டு வருடக் கதையை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியும் ரெஜினா. ரெண்டாவது வருஷமே தெரியும்."

"பின்ன ஏன் சிஸ்டர் கேக்கல?"

"எப்படிக் கேப்பேன்? அது எறங்க எறங்கத்தான் பிள்ளைங்களுக்கு அந்தக் கடைசி வரி எட்டுச்சு. அதுவரைக்கும் வருஷா வருஷம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கும். எங்க நீ சரி பண்ணிடுவியோன்னு நான்தான் பயந்துகிட்டு இருந்தேன்."

அப்போது ஜமீலா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"சிஸ்டர்! கேட்டீங்களா? படிக்கிறப்ப அந்தக் கடைசி வரி எனக்கு எட்டவே எட்டாதே, நீங்ககூட என்னை வாய மட்டும் அசைன்னு சொல்லுவீங்களே! இன்னிக்கு எட்டிடுச்சு சிஸ்டர்! இந்த வயசுல!"

சிஸ்டர் என் கையை இறுக்கினார். ஆயிஷா ஓபோவைப் பெட்டியில் வைக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது.

"கேட்டேன் ஜமீலா," என்றார் சிஸ்டர். "ரொம்ப நல்லா எட்டுச்சு."